சாவைக் கேட்டு ஜெபிப்பவர்களை அதட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாகமத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயிலும் விழுந்த யோபின் பொறுமை குறித்து உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோயில் கிடக்கும் விசுவாசிகள் முறுமுறுக்காமல் யோபைப் போலப் பொறுத்திருக்க வேண்டும், "என்னை எடுத்துக்கொள்ளும்" என்று ஜெபிப்பது அவிசுவாசம், கொடுத்தவரையே அவமதிப்பது என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். ஆனாலும் அந்தத் தாள் எத்தனை வீடுகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டப்பட்டிருக்கும் என்று நினைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் ஒரு வாசகர் கடிதத்துக்கு உரிய அளவை மீறி எழுதுகிறேன்.

நான் ஏற்காடு மலையில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவள். வேதத்தைச் சிறுவயதிலிருந்து படித்து வருகிறவள் என்ற உரிமையிலும், சாகக் கிடப்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவள் என்ற உரிமையிலும் இதைச் சொல்கிறேன்.

யோபின் பொறுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் இரண்டு அதிகாரங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏழு மகன்களும் மூன்று மகள்களும் ஒரே நாளில் செத்துப் போனார்கள். ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் போயின. அப்போதும் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்றான். துக்க வீட்டில் நாம் எல்லோரும் கேட்டிருக்கும் வசனம். என் அப்பாவின் அடக்க ஆராதனையிலும் அதுதான் வாசிக்கப்பட்டது. எனக்கும் அது பிரியமான வசனம்தான். அதற்குப் பிறகு எல்லோரும் கடைசி அதிகாரத்துக்குத் தாவி, இழந்தது எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது என்று முடித்துவிடுகிறார்கள். நாற்பத்திரண்டு அதிகாரம் உள்ள புத்தகத்தில் நடுவே இருப்பது என்ன?

மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யோபு வாயைத் திறந்ததும் முதலில் செய்வது தான் பிறந்த நாளைச் சபிப்பது. அந்த நாள் இருளாகட்டும், வருஷத்தின் நாள்களோடு அது சேராமல் போகட்டும், கர்ப்பத்திலேயே நான் ஏன் சாகவில்லை, என்னை ஏந்திக்கொள்ள மடி ஏன் இருந்தது, பால் கொடுக்க முலை ஏன் இருந்தது என்று கேட்கிறான். ஆறாம் அதிகாரத்தில் இன்னும் நேராகக் கேட்கிறான்: தேவன் என்னை நொறுக்கிப்போடச் சித்தமாகி, தம்முடைய கையை நீட்டி என்னை முடித்துவிட்டால் அதுவே எனக்கு ஆறுதல். ஏழாம் அதிகாரத்தில், இந்த எலும்புகளைச் சுமப்பதைவிடச் சாவே மேல், எனக்கு வாழ்வு சலித்துவிட்டது, என்னை விட்டுவிடும் என்கிறான். இதைச் சொல்பவன், தன் வேலைக்காரன் என்று கர்த்தரே பெருமையாகப் பேர் சொல்லிக் காட்டிய யோபு.

இந்த ஏழாம் அதிகாரத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டும். என் அக்கா உணவுக்குழாய்ப் புற்றுநோயில் கிடந்தார். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ஆயுள் முழுக்கக் கூலி வேலை பார்த்தவர். பழம் பறிப்பு, மிளகு பறிப்பு, களை எடுப்பு என்று சில்வர் ஓக் மரத்தடியில் குனிந்து நிமிர்ந்தே முதுகு வளைந்த உடம்பு. நோய் முற்றியபோது தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, அரிசிக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி சிரிஞ்சில் ஏற்றிக் கொடுத்தோம். பசிக்கு அது போதும். ஆனால் எச்சில் ஊறுவது நிற்குமா? அது உள்ளே போகவும் முடியாமல், துப்பவும் தெம்பில்லாமல், வாயோரம் வழிந்துகொண்டே இருக்கும். நாங்கள் பழைய வேட்டியைக் கிழித்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தோம். அவரே துடைத்துக்கொள்வார். துடைத்துத் துடைத்து உதட்டோரம் புண்ணாகி, அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன்.

ஒரு ராத்திரி ஏழாம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். என் எச்சிலை விழுங்கும் நேரம்கூட நீர் என்னை விட்டு விலக மாட்டீரா என்று யோபு தேவனிடம் கேட்கும் இடம் வந்தது. அக்கா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இந்த மனிதருக்கும் தொண்டையில்தான் வந்திருக்குமோ, பாப்பா?" என்று மெல்லக் கேட்டார். அவருக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பருக்கள் என்றுதான் எழுதியிருக்கிறது அக்கா என்றேன். "எங்கே வந்தால் என்ன, தெரிந்தவர்தான் பேசுகிறார்" என்றார். சபையிலிருந்து ஆறுதல் சொல்ல வந்த ஒருவரிடமும் அக்கா காட்டாத நெருக்கத்தை அன்றைக்கு யோபிடம் காட்டினார்.

அவருக்கு மூன்றாம் அதிகாரம் இன்னும் பிடித்துப்போனது. சாவின் இடத்தைப் பற்றி யோபு அங்கே ஏறக்குறைய ஆசையோடு பேசுகிறான். ராஜாக்களும் மந்திரிகளும் கிடக்கிற அதே இடத்தில் களைத்துப்போனவர்களும் இளைப்பாறுகிறார்கள். கட்டுண்டவர்களுக்கு அங்கே ஒடுக்குகிறவனுடைய சத்தம் கேட்பதில்லை. "சிறியவனும் பெரியவனும் அங்கே சரி." அடிமைக்கு எஜமான் இல்லை. பனி விலகாத காலையில் பேர் கூப்பிடும் சத்தத்துக்கு ஓடி, தாமதமானால் அரை நாள் கூலி போய்விடும் என்று கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு ஓடி வளர்த்த குடும்பம் எங்களுடையது. "அங்கே மேஸ்திரி சத்தம் இல்லை என்கிறாரா?" என்று கேட்டு அக்கா சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். வேத பண்டிதர்கள் அந்தப் பகுதிக்கு என்ன விளக்கம் வேண்டுமானாலும் சொல்லட்டும். ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அது புரிந்த விதத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த நாள்களில்தான் வெளியூர் ஊழியர் ஒருவர், பெயர் வேண்டாம், ஜெபக் கூட்டத்தாரோடு வீட்டுக்கு வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கி வந்திருந்தார்கள், பாவம், விழுங்க முடியாது என்று தெரியாது. அக்கா அவரிடம், "ஐயா, கர்த்தர் என்னைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஜெபியுங்கள்" என்று கேட்டார். அவருடைய முகம் மாறிவிட்டது. "அம்மா, இது விசுவாசத்தின் வார்த்தை இல்லை. சத்துரு உங்கள் வாயில் வைத்த வார்த்தை" என்று சொல்லி, அதைக் கடிந்து சத்தமாக ஜெபித்துவிட்டுப் போனார். அவர்கள் போன பிறகு அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "நான் பாவம் செய்கிறேனா, பாப்பா?" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் ஜெபிக்கவே இல்லை. என்ன கேட்பது என்று தெரியவில்லை என்றார்.

ஆசிரியர் அவர்களே, இதற்குத்தான் நான் பதில் கேட்கிறேன். வலியில் துடிக்கும் ஒரு பெண் தேவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சை நிறுத்தியது யார்?

வேதத்தில் இப்படிக் கேட்டவன் யோபு ஒருவன் மட்டும் இல்லை. எலியா தீர்க்கதரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே ஒற்றை ஆளாக நின்று ஜெயித்தவர். யேசபேல் ராணியின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டுத் தனியாக ஒருநாள் தூரம் வனாந்தரத்துக்குள் போய், ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தூதன் வந்து என்ன செய்தான்? அவிசுவாசி என்றானா? தட்டி எழுப்பினான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், குடித்தார், திரும்பவும் படுத்துவிட்டார். படுத்ததற்கும் திட்டு இல்லை. மறுபடியும் வந்து தட்டி எழுப்பி, சாப்பிடு, நீ போக வேண்டிய தூரம் அதிகம் என்றான். முதலாம் ராஜாக்கள் பத்தொன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு செவிலியராக நான் அதைப் படிக்கும்போதெல்லாம் தூதன் முறை தவறாமல் வேலை செய்திருக்கிறான் என்று தோன்றும். தொட்டான், சாப்பாடு கொடுத்தான், தூங்க விட்டான், திரும்ப வந்து பார்த்தான். உபதேசமெல்லாம் ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். அதற்கு நாற்பது நாள் இருந்தது.

மோசேயின் கதை வேறு. அவருக்கு நோய் இல்லை. அவர் பார்த்துக்கொள்கிறவர். வனாந்தரத்தில் ஜனங்கள் இறைச்சி வேண்டும் என்று வாசலுக்கு வாசல் நின்று அழுகிறார்கள். எகிப்தில் சாப்பிட்ட மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்துப் புலம்புகிறார்கள். மோசே தேவனிடம் போய், இவர்களையெல்லாம் நானா பெற்றேன், பால்குடிக்கும் பிள்ளையைப் போல இவர்களை நான் மடியில் சுமக்க வேண்டுமா, இவ்வளவு பாரம் என் ஒருவனால் ஆகாது, இப்படித்தான் எனக்குச் செய்வீரானால் என்னைக் கொன்றுபோடும் என்கிறார். எண்ணாகமம் பதினொன்றாம் அதிகாரம். வந்த பதில், மூப்பரில் எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வா, நீ ஒருவனாகச் சுமக்காமல் அவர்களும் உன்னோடு சுமப்பார்கள் என்பது.

இதைப் படிக்கும்போது எனக்கு அக்காவின் மருமகள் நினைவுதான் வரும். விடிவதற்கு முன்பே எழுந்து துணி மாற்றி, உடம்பு துடைத்து, கஞ்சி வடிகட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, தோட்டத்துக்கு வேலைக்கும் போய் வந்த பெண். ஒரு நாள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, "ஆண்டவரே, ஒன்று அவர்களை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் என்னை எடுத்துக்கொள்ளும்" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அவளை யார் குற்றம் சொல்ல முடியும்? படுத்திருப்பவரைப் பார்க்க ஊரே வருகிறது. அவளைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. நான் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று இந்தப் பதினொன்றாம் அதிகாரத்தை வாசித்தேன். எழுபது பேர் வேண்டாம், ராத்திரிக்கு ஒருவர் வாருங்கள் என்றேன். வந்தார்கள். ஒருவர் உட்கார்ந்தால் அந்தப் பெண் நான்கு மணி நேரமாவது தூங்குவாள். ஜெபிக்கத் தெரியாது என்று தயங்கிய ஒரு சகோதரி, சத்தமில்லாமல் அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தார். வந்தவர்களில் அக்காவுக்கு அவரைத்தான் மிகவும் பிடித்தது.

எரேமியா தீர்க்கதரிசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆலயத்து அதிகாரி பஸ்கூர் அவரை அடித்து, தொழுமரத்தில் மாட்டிவைத்தான். அதன் பிறகு வரும் இருபதாம் அதிகாரத்துப் புலம்பலில் ஒரு வசனம், கர்த்தரைப் பாடுங்கள், எளியவனை அவர் தப்புவித்தார் என்கிறது. அதற்கு அடுத்த வசனமே, நான் பிறந்த நாள் சபிக்கப்படுவதாக. இடையில் ஒரு மூச்சு விட்டிருந்தால் அதிகம். பாட்டும் சாபமும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. இரண்டையும் வேதம் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. நோயாளிகளும் அப்படித்தான். காலையில் ஸ்தோத்திரம் சொன்னவர் மாலையில் ஏன் பிறந்தேன் என்பார். காலையில் சொன்னது நடிப்பும் இல்லை, மாலையில் சொன்னது விசுவாசத்தை விட்டு விலகியதும் இல்லை.

யோனா கேட்டது கோபத்தில். அழியும் என்று அவர் போய் அறிவித்த நினிவே நகரம் அழியவில்லையே என்ற கோபம், பிறகு நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போன கோபம். நம் மாவட்டத்தில் ஆமணக்கு எல்லோருக்கும் தெரியும், ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஓர் ஆள் அதன் நிழலில் உட்காரலாம் என்பது நம்மூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் கோபக்காரனிடமும் தேவன் கேள்விதான் கேட்கிறார். நீ எரிச்சலாக இருக்கிறது நல்லதா என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லும்வரை பொறுத்திருக்கிறார்.

இனி யோபின் சிநேகிதர்களுக்கு வருகிறேன். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். அவர்கள் வந்ததும் செய்த காரியம் அருமையானது. யோபை அடையாளம் தெரியாமல் ஓவென்று அழுதார்கள். அவன் வலி பெரிது என்று கண்டு ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதோடு எழுந்து ஊருக்குப் போயிருந்தால் உலகத்தின் மிகச் சிறந்த சிநேகிதர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். யோபு சாவைக் கேட்டு வாயைத் திறந்ததும் இவர்களுக்குத் தாங்கவில்லை. திருத்த ஆரம்பித்தார்கள். நீ ஏதோ செய்திருப்பாய், மனந்திரும்பு, தேவன் நியாயத்தைப் புரட்டுவாரோ என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். அவர்கள் சொன்னதில் பாதியை இன்றைக்கும் எந்தப் பிரசங்க மேடையிலும் கேட்கலாம். யோபு அவர்களை ஒன்றுக்கும் உதவாத வைத்தியர்கள் என்றான்.

கடைசியில் தேவன் பெருங்காற்றிலிருந்து பேசும்போது யோபையும் விட்டுவைக்கவில்லை என்பது உண்மை. பூமிக்கு நான் அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார். வரையாடு குட்டி போடும் காலம் உனக்குத் தெரியுமா, காக்கைக் குஞ்சுக்கு இரை கொடுப்பது யார் என்றெல்லாம் கேட்டார். யோபு வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் அந்த நீண்ட கேள்விகளில் எங்கேயாவது, நீ ஏன் சாவைக் கேட்டாய் என்ற கேள்வி இருக்கிறதா? நான் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. அதற்குப் பிறகு எலிப்பாசைப் பார்த்து, உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம், என் தாசனாகிய யோபைப் போல நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டு யோபிடம் போய் உங்களுக்காகப் பலியிடுங்கள், அவன் உங்களுக்காக ஜெபிப்பான் என்கிறார். கட்டுரை எழுதிய பெரியவர் இந்த இடத்தை நிதானமாக ஒருமுறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எண்பத்தெட்டாம் சங்கீதத்தையும் சொல்லிவிடுகிறேன். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கையின் பக்கம் திரும்பும். இது திரும்புவதே இல்லை. குழியில் இறங்குகிறவர்களோடு எண்ணப்பட்டேன், சிநேகிதரை எனக்குத் தூரமாக்கினீர் என்று சொல்லி, இருளிலேயே முடிகிறது. தேவாலயத்தில் பாடுவதற்காகச் சேர்த்த பாட்டு இது. நான் உட்கார்ந்த எந்த ஆராதனையிலும் இதை யாரும் வாசித்துக் கேட்டதில்லை.

என் வேலைக் காலத்தில் நான் போய்வந்த மலைக் கிராமங்களில், சேர்வராயன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கும் பாட்டிமார் எத்தனையோ பேர், "எமனுக்கு என் வீட்டு வழி தெரியவில்லையா", "மேலே என் சீட்டை இன்னும் கிழிக்கவில்லையா" என்று வாய்விட்டுச் சொல்வார்கள். அவர்கள் வீட்டில் யாரும் அதைப் பாவம் என்று சொல்லி அடக்கியதில்லை. இன்னும் கொஞ்சம் கஞ்சி குடி என்பார்கள். அந்தச் சுதந்திரம்கூட, வேதத்தைக் கையில் வைத்திருக்கும் நம் வீட்டுக் கிழவிகளுக்கு இல்லையா?

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். நான் சொன்ன இந்த மனிதர்கள் ஒருவரும் தன் கையால் உயிரை விடவில்லை. சவுலும் அகித்தோப்பேலும் சிம்ரியும் அப்படிச் செத்ததையும் அதே வேதம்தான் எழுதியிருக்கிறது. ஆனால் அவர்கள் தேவனிடம் சாவைக் கேட்டு நின்றதாக எழுதவில்லை. என் அனுபவமும் அதுதான். சாக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிறவரைப் பார்த்து நான் பயந்ததைவிட, பேச்சைக் குறைத்துக்கொண்டு, சாமான்களை யார் யாருக்கோ எடுத்துக் கொடுத்துக்கொண்டு, திடீரென்று அமைதியாகிவிட்டவரைப் பார்த்துத்தான் அதிகம் பயந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்கிறார் என்பதற்காக அலட்சியமாக விடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. யாராக இருந்தாலும் நேராகக் கேளுங்கள்: கடவுள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்களா, நீங்களே ஏதாவது செய்துகொள்ள நினைக்கிறீர்களா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இரண்டாவது என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடக் கூடாது, அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்கு அரசு சிகிச்சை தர வேண்டும் என்கிறது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டாம்.

அக்காவின் விஷயத்தில் அடியில் இருந்தது வலி. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் அவர் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்தவள் நான். முதலில் போன ஒரு மருத்துவமனையில், இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வலிக்குச் சாதாரண மாத்திரைதான். செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது பொய் என்று எனக்குத் தெரியும். அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின் இருக்கிறது.

இந்த மருந்தைப் பற்றி நம் மக்களுக்கு இரண்டு பயம். பழகிவிடும் என்று ஒன்று, சீக்கிரம் சாகடித்துவிடும் என்று ஒன்று. மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும்போது புற்றுநோய் வலிக்கு அது அப்படிச் செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1986லேயே இதற்கு வழிமுறை சொல்லியிருக்கிறது: கூடுமானவரை வாய் வழியாக, கடிகாரத்தைப் பார்த்து, வலி திரும்ப வருவதற்கு முன்பே. சாதாரண மார்ஃபின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கும் மருந்து சேர்த்தே கொடுக்க வேண்டும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு அபின் பயிராகும் நாடு இது. அப்படியிருந்தும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் வேண்டியிருந்ததால், மருத்துவமனைகள் அதைத் தொடவே தயங்கின. 2014இல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கிவிட்டார்கள். தயக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள். யாராவது தெரிந்து வந்து கதவைத் தட்டுவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

மார்ஃபின் ஆரம்பித்து, அளவு சரியாக அமைந்த பிறகு அக்கா தூங்கினார். பல வாரத்துத் தூக்கம். எழுந்தபோது பேரனைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் என்ன படித்தாய் என்று கேட்டார். அதோடு சாவைக் கேட்டு ஜெபிப்பதை நிறுத்திவிட்டார் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். அவர் நிறுத்தவில்லை. முன்பு அது அலறலாக இருந்தது, பிறகு தெரிந்தவரிடம் கேட்பது போல ஆனது. பாதாளத்திலாவது என்னை ஒளித்துவைத்து, உம்முடைய கோபம் தீர்ந்த பிறகு என்னை நினைத்துக்கொள்ளும் என்று யோபு பதினான்காம் அதிகாரத்தில் கேட்பதை என்னை அடிக்கடி வாசிக்கச் சொன்னார். நினைத்துக்கொள்ளும் என்ற இடத்தில் தலையை அசைப்பார். பறிப்புக் காலம் முடிவதற்கு முன் போய்ச் சேர்ந்தார். அந்த ஊழியரின் வார்த்தையை அவர் மறந்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் மறக்கவில்லை.

சாவைக் கேட்கும் ஜெபத்தைக் கருணைக்கொலைக் கோரிக்கையோடு போட்டுக் குழப்பிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் தேதி கொடுத்த தீர்ப்பு, மீள வழியில்லாத நோயாளிக்கு உயிரை இழுத்துப்பிடிக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றியது. அதை வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் பேசட்டும். அக்கா யாரிடமும் ஊசி கேட்கவில்லை. அவர் கேட்டது தேவனிடம். அந்த விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகட்டும் என்று விடுவதற்கு நமக்கு என்ன கஷ்டம்?

சேலம் மாவட்டத்துச் சபைகளின் போதகர்களுக்கும், பங்குத் தந்தையர்களுக்கும், வீட்டுக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது யோபின் மூன்றாம் அதிகாரத்தையும் எண்பத்தெட்டாம் சங்கீதத்தையும் வாசியுங்கள். வாசித்துவிட்டு உடனே விளக்கம் சொல்லாதீர்கள். வலிக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று வீட்டாரிடம் கேளுங்கள். பார்த்துக்கொள்கிறவர் கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினார் என்று கேளுங்கள்.

கட்டுரையாளருக்கும் ஒரு வேண்டுகோள். மூன்றாம் அதிகாரத்திலிருந்து தொடங்கி இரண்டாம் பகுதி ஒன்று எழுதுங்கள். எழுதுவதற்கு முன் ஒருமுறை ஏற்காட்டுக்கு வாருங்கள். எங்கள் தெருவுக்கு மேலே ஒரு பெரியவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார், அவரும் அதே ஜெபத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறார். நான் கூட்டிக்கொண்டு போகிறேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் வருவது நல்லது. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள், அவர் பேச ஆள் தேடும் நேரம் அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.
(குடும்பத்தாரின் விருப்பப்படி பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.)